உங்களுக்குத் தெரியுமா? வெட்ட வெட்டத் துளிர்க்கும் கறுவா

தன் போக்கில் விட்டால் கறுவா 10 மீட்டருக்கும் மேல் உயரும். இலங்கைத் தோட்டங்களில் யாரும் அப்படி விடுவதில்லை. நட்ட மூன்றாம் ஆண்டுவாக்கில் தண்டை நிலத்தையொட்டி வெட்டுவார்கள். அடிக்கட்டையிலிருந்து புதுத் தண்டுகள் கூட்டமாகக் கிளம்பும். நல்ல பட்டை தருவது அந்த இளந்தண்டுகள்தான். வெட்டத் தயங்குகிறவருக்கு மரம் மிஞ்சும், பட்டை மிஞ்சாது.

ஒரே மரத்தில் மூன்று மணம் உண்டு. பட்டையின் மணம் சின்னமால்டிஹைடிலிருந்து வருவது. இலை எண்ணெயில் யூஜினால் மிகுதி. அதனால் இலையைக் கசக்கினால் கிராம்பு மணக்கும். வேர்ப்பட்டையிலோ கற்பூரம்.

பட்டை உரிக்க நாள் பார்க்க வேண்டும். மழைக்குப் பின் சிவப்பாக வரும் கொழுந்து பச்சைக்கு மாறியதும் பட்டை எளிதில் கழலும். மேல்தோலைச் சுரண்டி எடுத்து, பித்தளைத் தண்டால் அழுத்தித் தேய்த்து, கத்தியால் நீளவாக்கில் கீறி, உள்பட்டையைக் கிழியாமல் பிரிப்பார்கள். சிறு துண்டுகளையும் வீணாக்காமல் உள்ளே திணித்து, ஏறத்தாழ 42 அங்குலக் குழலாகச் சுருட்டி நிழலில் உலர்த்துவார்கள். மிக மெல்லிய ‘அல்பா’ ரகக் குழலின் குறுக்களவு 6 மில்லிமீட்டர்தான். கறுவாவின் விலையைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் இந்தக் கைத்திறனைப் பற்றிப் பேச வேண்டும்.

நெடுங்காலம் கறுவா காட்டிலிருந்துதான் வந்தது. ஒல்லாந்தர் 1760களில்தான் அதைத் தோட்டமாக நட்டு வளர்க்கத் தொடங்கினார்கள். கொழும்பு 7 பகுதிக்கு இன்றும் கறுவாத்தோட்டம் என்றுதான் பெயர்.

கண்டிப் பக்கத்து வீட்டுத்தோட்டங்கள் பழைய உணவுக்காடுகள். மேலே தென்னை, பலா, கமுகு. மரங்களைப் பற்றி ஏறும் மிளகு. நடுவே சாதிக்காய், கோப்பி, கறுவா. ஓரளவு நிழலைக் கறுவா தாங்கும். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது. அங்கே பட்டையின் மணம் குன்றும். கழித்த இலையை மரத்தடியிலேயே மூடாக்காகப் போடலாம். பட்டை உரித்த குச்சி அடுப்புக்கு நல்ல விறகு.

இலையில் புழு கண்டதும் மருந்து தெளிக்க ஓடாதீர்கள். கறுப்பு இறக்கையில் நீலப்பட்டை ஓடும் அழகான வண்ணத்துப்பூச்சி ஒன்று கறுவா இலையில் முட்டையிடும். வளர்ந்த செடிக்கு நாலு இலை போனால் குறைவில்லை.

பழுத்துக் கறுத்த கனியைப் பறவைகள் விரும்பித் தின்னும். விதையைச் சேமித்து வைக்க முடியாது. முளைப்புத்திறன் சில வாரங்களில் போய்விடும், உடனே ஊன்றிவிட வேண்டும். பறவைகள் இந்த வேலையைச் செய்வதில் கெட்டிக்காரர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் சீஷெல்ஸ் தீவுகளுக்குக் கொண்டுபோன கறுவா, பறவைகள் தயவால் மலையெங்கும் பரவி, உள்ளூர் மரங்களையே நெருக்குகிறது. இயற்கைக் காட்டை ஒட்டி நடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டுக் கடைகளில் வெறும் ‘பட்டை’ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது தடித்த, ஒற்றைச் சுருளான காசியா என்ற வேறு இனப் பட்டை. அதில் கூமரின் கூடுதல். அளவுக்கு மீறித் தொடர்ந்து சாப்பிட்டால் ஈரலைப் பாதிக்கக் கூடியது. இலங்கைக் கறுவாவில் அது மிகச் சொற்பம். சுருள்பட்டை என்று கேட்டு வாங்குங்கள். பல மெல்லிய அடுக்குகள் தெரியும், விரலாலேயே நொறுக்கலாம்.