எலும்புப் பிரிவுக்குப் புதிய மருத்துவர்கள்: நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



நம் அரசு தலைமை மருத்துவமனையின் எலும்பு முறிவு சிகிச்சைப் பிரிவில் இரண்டு அறுவை மருத்துவர்கள் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். இதுவரை ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் தியேட்டரில் இருந்தால் வெளியே வரிசை நகராது. விபத்து வழக்குகளில் சாட்சி சொல்ல நீதிமன்றம் போவதும் அரசு மருத்துவரின் வேலைதான்; அந்த நாளில் இரண்டுமே நடக்காது.

செய்தி தெரிந்ததும் நம் அலுவலகத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "இனிமே மதுரைக்குத் தூக்கிட்டு ஓட வேண்டியதில்லையா?" கை கால் முறிவு, இடுப்பு முறிவு போன்ற பெரும்பாலானவற்றுக்கு வேண்டியதில்லை. சிக்கலான முதுகுத்தண்டு அறுவைக்கோ, தலைக்காயமும் சேர்ந்த பெரிய விபத்துக்கோ மருத்துவர்களே மேலே அனுப்புவார்கள். அப்போது கோபப்படக் கூடாது. அறுவைக்கு எலும்பு மருத்துவர் மட்டும் போதாது. மயக்க மருத்துவர், தியேட்டர் செவிலியர், அறுவையின்போதே எலும்பைத் திரையில் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரே இயந்திரம், ரத்தம், வைக்க வேண்டிய பிளேட், ராடு எல்லாம் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும். மூன்று மருத்துவர்கள் இருப்பதால் முறை போட்டுக்கொள்ள முடியும் என்பதே பெரிய லாபம்.

எங்களுக்கு இதில் தனிப்பட்ட ஒரு காரணமும் உண்டு. சில வருடங்களுக்கு முன் நம் தெருவில் எழுபது வயது தாண்டிய ஒரு உம்மம்மா, ஒளு செய்யப் போன இடத்தில் வழுக்கி விழுந்தார். இரண்டு நாள் எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். பிறகு ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள்; பணம் புரட்ட முடியாமல் நம் அறக்கட்டளைக்கு மனு கொடுத்தார்கள். நாங்களோ வழக்கம்போல வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வைத்துப் பேசி முடிவெடுத்தோம். அறுவை நடந்தபோது ஒன்பது நாள் ஆகியிருந்தது. நுரையீரலில் சளி கட்டி, அடுத்த மாதமே வஃபாத்தானார். மவ்த் அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் அந்த ஒன்பது நாள்களில் எங்கள் பங்கும் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

இடுப்பு முறிவில் காலம் ஏன் இவ்வளவு முக்கியம்? தொடை எலும்பின் மேல்முனை உருண்டையாக இருந்து இடுப்புக் கிண்ணத்துக்குள் சுழல்கிறது. வயதானவர்களுக்கு, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, எலும்பு உள்ளுக்குள் சன்னமாகிவிடுவதால், நின்ற உயரத்திலிருந்து விழுந்தாலே அந்தக் கழுத்துப் பகுதி முறிந்துவிடும். கழுத்து விலகி முறிந்தால் உருண்டைக்குப் போகும் ரத்த ஓட்டமும் அறுந்துபோகலாம், எலும்பு ஒட்டாது. அதனால் முதியவர்களுக்கு உருண்டையை எடுத்துவிட்டு உலோக உருண்டை வைக்கிறார்கள். அதற்குக் கீழே முறிந்தால் ராடும் ஸ்க்ரூவும் போட்டு நிறுத்துகிறார்கள். இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான்: சீக்கிரம் எழுப்பி நடக்க வைப்பது. படுத்தே கிடந்தால் நிமோனியா, படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறுவது எல்லாம் வரிசையாக வரும். உயிரைக் குடிப்பது பெரும்பாலும் இவைதான். அதனால்தான் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் அறுவை முடிய வேண்டும் என்கிறார்கள். "இந்த வயசுல ஆபரேஷனைத் தாங்குவாங்களா?" என்று நாம் தயங்குகிறோம். மயக்க மருந்து ஆபத்தான அளவுக்கு உடல் மோசமாக இருந்தால் மருத்துவரே சொல்வார். மற்றவர்களுக்குப் படுக்கைதான் பெரிய ஆபத்து.

விழுந்தவரின் ஒரு கால் குட்டையாகவும் பாதம் வெளிப்பக்கம் திரும்பியும் இருந்து, நிற்க முடியவில்லை என்றால், இடுப்பு முறிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இழுக்காதீர்கள், தடவாதீர்கள். தலையணையை அண்டக் கொடுத்து 108-ஐ அழையுங்கள். டீ, கஞ்சி எதுவும் கொடுக்காதீர்கள். வயிறு நிறைந்திருந்தால் மயக்க மருந்து தள்ளிப்போகும். சர்க்கரை, இதய மாத்திரைகளை, முக்கியமாக ரத்தத்தை இளக வைக்கும் மாத்திரையை, அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

புத்தூர் கட்டு பற்றியும் கேட்கிறீர்கள். சின்ன விரிசல்கள் எந்தக் கட்டுப் போட்டாலும் கூடிவிடும். அதன் பெயர் கட்டுப் போட்டவருக்குப் போகிறது. பயமெல்லாம் இறுக்கமான மூங்கில் பத்தைக் கட்டில்தான், அதுவும் சிறுபிள்ளைகளின் முழங்கையில். கட்டிய பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், விரல்கள் வெளுத்தால், மரத்தால், விரலை நீட்டிவிட்டதும் பிள்ளை அலறினால், கட்டை உடனே தளர்த்தி மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஆறு மணி நேரம் போனால் தசை செத்துக் கை மடங்கிப்போகலாம். மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டுக்கும் இதே எச்சரிக்கைதான். அங்கே போட்டது தானே என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

பணத்தைப் பற்றி. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது; ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. விழுந்த பிறகு அட்டைக்கு அலைவதுதான் நம் வழக்கம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் இப்போதே எடுத்து வையுங்கள். சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. அதற்கு இந்த அட்டை தேவையில்லை.

ஆண் மருத்துவர் பார்ப்பாரே என்று நம் பெண்கள் சிலர் இடுப்பு வலியை வெளியே சொல்வதில்லை. பெண் செவிலியரை உடன் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், தவறில்லை. சிகிச்சையைத் தள்ளிப்போட மட்டும் அதைக் காரணமாக்காதீர்கள். கட்டின் மேல் ஈரக் கையால் தடவி ஒளு செய்யலாம், நாற்காலியில் அமர்ந்து தொழலாம். மார்க்கம் தந்த இந்தச் சலுகை தெரியாமல், தரையில் உட்கார முயன்று வைத்த மூட்டை விலக்கிக்கொண்டவர்களும் உண்டு.

நம் விதியை மாற்றிவிட்டோம். எலும்பு முறிவு மனுக்கள் இனி வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காது; நிர்வாகிகள் மூவர் போனில் பேசி அன்றே முடிவு சொல்வோம். ரத்தம் கொடுக்க இளைஞர்களின் பெயரும் பிரிவும் பதிந்து வருகிறோம். அலுவலகத்தில் வாக்கர்களும் கழிவறை நாற்காலிகளும் இருக்கின்றன. அஸருக்குப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம். வாடகை இல்லை. திருப்பித் தரும்போது வாக்கர் காலின் ரப்பர் தேய்ந்திருந்தால் சொல்லிவிடுங்கள், அடுத்தவருக்குக் கொடுக்கும் முன் மாற்றிவிடுகிறோம்.