மடிக்கணினி நின்றாலும் ஆவணங்கள் மீளும்

இடம்பெயர்ந்து வாழும் எமக்குக் காணி உறுதி உயிர் போன்றது. அதன் பிரதியை எம்மில் பலர் மடிக்கணினியில் வைத்திருக்கிறோம். அது ஒருநாள் இயங்காது போனால் எல்லாம் போயிற்று என்று கலங்க வேண்டியதில்லை. தாய்ப்பலகை பழுதடைந்தாலும் பதிவுகள் வன்தட்டில் இருக்கும்.

முதலில் மின்கலத்தைக் கழற்றுவோம். பின்னர் திருகாணிகளை அகற்றி வன்தட்டை மெதுவாக எடுப்போம். சாட்டா வகைத் தட்டு 2.5 அங்குலமாயினும் மேசைக்கணினியின் வடங்கள் அதற்குப் பொருந்தும். பழைய ஐடிஇ தட்டில் 44 ஊசிகள். மேசைக்கணினி வடத்திற்கு 40. ஆகவே இடையில் ஒரு மாற்றி தேவை. மின்சாரத்தைத் துண்டித்த பின்பே இணைக்க வேண்டும்.

மேசைக்கணினி தன் வழமையான தட்டிலிருந்தே தொடங்கட்டும். 'ஃபோர்மட் செய்யவா?' என்று கேட்டால் மறுத்துவிடுவோம். இணங்கினால் பதிவுகள் மறையும். கோவைகளை உடனே வேறொரு தட்டுக்குப் பிரதிசெய்வோம். தட்டில் 'டிக் டிக்' என்ற சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டுத் தேர்ந்தவரிடம் கொடுப்பதே நல்லது. பிட்லொக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அதை இன்றே கொப்பியில் எழுதி வைப்போம்.

மீட்ட பிரதிகளை இரண்டு இடங்களில் வைப்போம். மூல உறுதி தொலைந்தாலும், பிரதியிலுள்ள உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் காணிப் பதிவகத்தில் தேட உதவும்.