செல்லோவுக்கும் ஒரு சீட்டு!

ஃப்ளைட்டுல ஜன்னலோர சீட்டுக்கு அலையுற ஆளா நீங்க? யோ-யோ மா கச்சேரிக்குப் பறந்தா ரெண்டு சீட்டு. ஒண்ணு அவருக்கு, இன்னொண்ணு அவரோட செல்லோவுக்கு! வயலினுக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கிற வாத்தியம். அதுவும் 1733-ல் செஞ்சது. லக்கேஜோட தூக்கிப் போட மனசு வருமா? (அதையே 1999-ல் நியூயார்க் டாக்ஸி டிக்கியில் மறந்துட்டு இறங்கினவரும் இவர்தான். நல்லவேளை, அன்னிக்கே கிடைச்சிடுச்சு!)

இந்த மனுஷர் 1991-ல் கம்ப்யூட்டரோட ஜோடி சேர்ந்தார். எம்.ஐ.டி. மீடியா லேபில் இசையமைப்பாளர் டாட் மேக்கோவர் இவருக்காக உருவாக்கினது 'ஹைப்பர் செல்லோ'. வில் எங்கே நகருது, மணிக்கட்டு எப்படி வளையுது, விரல் எங்கே அழுத்துதுன்னு சென்சார்கள் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர் அதுக்கேத்தபடி இசையை மாத்தும்.

அதுல ஒரு தலைவலி. வில்லை அளக்கிற மின்புலத்தை, வாசிக்கிறவரோட கையே குழப்பிச்சு. அந்தக் கையையே அளந்தா என்னன்னு விஷயத்தைத் திருப்பிப் பிடிச்சது நீல் கெர்ஷன்ஃபெல்ட் குழு. அப்போ அமெரிக்காவில், முன்சீட்டுல வெச்ச கைக்குழந்தைங்க ஏர்பேக் விரிஞ்சு செத்துப்போன கொடுமை நடந்துட்டிருந்தது. சீட்டுல இருக்கிறது பெரியவரா, குழந்தையான்னு கண்டுபிடிச்சு ஏர்பேக்கைத் தடுக்கிற சென்சார், அந்த செல்லோ ஆராய்ச்சியில் இருந்துதான் பிறந்தது!