டொக்... டொக்... ஹெரால்ட்!

சேலையூரில் எங்கள் தெருமுனையில் ஒரு ஸ்பீட் பிரேக்கர் இருக்கிறது. யார் போட்டது, எப்போது போட்டது என்று யாருக்கும் தெரியாது. சுயம்பு! போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதன் மேல் எங்கள் கார் ஏறி இறங்கியபோது முன்பக்கம் 'டொக்' என்றது.

"கதவு சரியா மூடலை போலிருக்குங்க" என்றாள் மனைவி.

"டிக்கில தேங்காய் உருளுதுப்பா" என்றான் மகன்.

பின்சீட்டில் இருந்த அப்பா கண்ணைத் திறக்காமலே தீர்ப்புச் சொன்னார். "புஷ்ஷு போயிடுச்சுடா."

அப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு. டாக்டர் பேசினால் காது கேட்காது. கார் பேசினால் கேட்கும்.

கார் என்றதும் ரிவர்ஸ் காமிராவெல்லாம் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். 1969 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். நாலு கதவு, 948 சி.சி. எனக்கு இருபது வயது மூத்த அண்ணன். அப்பா 1981-ல் செகண்ட் ஹாண்டாக வாங்கியது. நான் பி.காம். படித்தவன். 'ரிட்டன் டவுன் வேல்யூ' முறையில் தேய்மானம் போட்டால் சொத்தின் மதிப்பு வருஷா வருஷம் குறையுமே தவிர, ஒருநாளும் பூஜ்யம் ஆகாது என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கான உதாரணம் எங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கிறது என்று அப்போது உறைக்கவில்லை.

இந்தக் கார் எங்கள் ஊர்க்காரன் என்பது இன்றைய பையன்கள் பலருக்குத் தெரியாது. தாம்பரம் தாண்டி, வண்டலூருக்கு முன்னால் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற தொழிற்சாலை இருந்தது. கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் பியட், மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் என்று நாட்டில் கார் வாங்க மூன்றே வாசல்கள் இருந்த காலம். இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்ட் வந்தது. அதை வரைந்தவர் மிக்கெலோட்டி என்கிற இத்தாலிக்காரர். 1961-ல் அது ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக ஜி.எஸ்.டி. ரோடில் இறங்கியது. முதலில் இரண்டு கதவு, 1968 முதல் நாலு கதவு. பிறகு கெஸல் வந்தது. கடைசியாக 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000. 1988-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது ஐ.டி. பார்க்கும் அடுக்குமாடிகளும். கழுத்தில் அடையாள அட்டை தொங்க காலையில் அதற்குள் நுழைகிற தம்பிமார்களே, நீங்கள் கோடு எழுதுகிற இடத்தில் ஒருகாலத்தில் கார் ஓடி வந்தது!

சரி, 'டொக்'குக்கு வருவோம்.

அந்த வாரம்தான் காரை விற்க நான் முடிவு செய்திருந்தேன். கல்யாண போட்டோவுக்குப் பழைய கார்கள் வாடகைக்கு விடும் ஒருவர் நல்ல விலை சொல்லியிருந்தார். அப்பாவிடம் கேட்டேன். "உன் இஷ்டம்டா" என்றார். தமிழ்நாட்டு அப்பாக்கள் 'உன் இஷ்டம்' என்று சொன்னால் அதற்கு எந்த அகராதியிலும் இல்லாத ஓர் அர்த்தம் உண்டு. அதைக் கவனிக்காதவன் மாதிரி இருந்துவிட்டேன்.

வாங்க வந்தவர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். "எல்லாம் ஓகே ஸார். அந்தச் சத்தம் மட்டும் இல்லாம குடுத்துடுங்க. பொண்ணு மாப்பிள்ளை உட்காரப்போற வண்டி, பாருங்க."

பக்கத்திலிருந்த ஒரு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த இளைஞர் பானெட்டைத் திறந்தார். ஹெரால்டின் பானெட் இரண்டு பக்க மட்கார்டோடு சேர்ந்து முதலை வாய் மாதிரி முன்பக்கமாகத் திறக்கும். அவர் இரண்டடி பின்வாங்கினார். "ஸ்கேனர் எங்க ஸார் மாட்டறது?" என்றார். பிறகு ஒரு யோசனை சொன்னார். "சைக்கிள் டியூபை வெட்டி சந்துல திணிச்சா சத்தம் அமுங்கிடும். விக்கறதுக்குத்தானே?"

வீட்டில் வந்து சொன்னேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "விக்கறதா இருந்தாலும் சரி பண்ணிட்டு விக்கணும்டா. நாளைக்கு அதுல யாரோ ஒருத்தன் புள்ளை உட்காரப் போவுது."

முடிச்சூர் ரோடில் ஒரு வயதான மேஸ்திரி இருக்கிறார். பட்டறை என்றால் தகரக் கூரை, ஒரு வேப்பமரம், ஒரு வைஸ், ஒரு டீ கிளாஸ். அவ்வளவுதான். காரைப் பார்த்ததும் டீயை வைத்துவிட்டு எழுந்தார். ஜாக்கியில் தூக்கினார், சாஸிக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்தார் ("வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில போறவன் பொண்டாட்டி புள்ளையை நினைக்காதவன் ஸார்"), ஒரு கடப்பாரையை ஆர்முக்கும் சாஸிக்கும் நடுவே கொடுத்து லேசாக நெம்பினார். ஆர்ம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது, எண்பது வயதுப் பல் மாதிரி.

"பாத்தியா? ரப்பர் வெடிச்சு, இரும்பும் இரும்பும் மோதுது. பிரேக் அடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்குமே? டயர் ஒரு ஓரமா தேயுமே?"

இரண்டும் நடந்துகொண்டுதான் இருந்தன. நான் ரோடு சரியில்லை என்று நினைத்திருந்தேன்.

புஷ் என்றால் என்ன என்று ஆபீசில் என்னைக் கேட்டவர்களுக்காக இது. ஹெரால்டின் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பள்ளம் மேட்டுக்குத் தகுந்தபடி சக்கரம் ஏறி இறங்க, அந்த ஆர்ம்கள் கதவு மாதிரி ஆடவேண்டும். கதவுக்குக் கீல் போல இதற்கு புஷ். நடுவில் ஒரு சின்ன இரும்புக் குழாய், சுற்றிலும் ரப்பர். ஓர் ஆர்முக்கு இரண்டு வீதம் மொத்தம் எட்டு. ஆனால் கீல் சுழலும், புஷ் சுழலாது. உள்ளே இருக்கும் குழாயை போல்ட் சாஸியோடு இறுக்கிப் பிடித்திருக்கும். வெளியே ரப்பரை ஆர்ம் பிடித்திருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது நடுவிலிருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, மறுபடி பழைய நிலைக்கு வரும். அவ்வளவு இரும்புக்கு நடுவே அடியெல்லாம் தான் வாங்கிக்கொள்வது இந்தக் கட்டைவிரல் அளவு ரப்பர்தான். (குடும்பத்தில் இந்த வேலையைப் பார்ப்பது யார் என்று வீட்டில் கேட்டேன். மனைவி பதில் சொல்லவில்லை. பார்த்தாள்.)

புஷ்ஷுக்கு ஜி.பி. ரோடில் கடை கடையாக ஏறினேன். இரண்டு கடையில் சிரித்தார்கள். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர் ஏணி போட்டு ஏறி, தூசியைத் தட்டி, எட்டையும் எடுத்துக் கொடுத்தார். கிடைக்காவிட்டாலும் கதி உண்டு. ஹெரால்டின் முன் சஸ்பென்ஷனைத்தான் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு ஸீட் காருக்கும் வைத்தார்கள். அது 1980 வரை இங்கிலாந்தில் தயாரானது. அதற்கு அங்கே இன்னும் ரசிகர்கள் இருப்பதால் நம் பெருங்களத்தூர்க்காரருக்கும் சாமான் கிடைத்துக்கொண்டிருக்கிறது. பாலியூரித்தேன் என்கிற கெட்டி ரகமும் வருகிறது. மேஸ்திரியிடம் கேட்டேன். "நல்லா உழைக்கும். ஆனா ரோடுல இருக்கற கல்லெல்லாம் அப்பா முதுகுல எண்ணலாம். ரப்பரே போடு."

அடுத்த ஞாயிறு வேலை ஆரம்பம். என்னை ஹெல்பராகச் சேர்த்துக்கொண்டார். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே கட்டாக வெளியே வந்தன. "இதைத் தனியாப் பிரிக்காதே. உள்ள ஸ்பிரிங் அமுங்கி இருக்கு. கருவி இல்லாம கைவெச்சா தாடையைப் பேத்துடும்" என்றார். பிரேக் ஹோஸ் மேல் பாரம் விழாதபடி ஒரு கயிற்றைக் கட்டினார். கீழ் ஆர்மின் பிராக்கெட்டுக்கும் சாஸிக்கும் நடுவே மெல்லிய தகடுகள் இருந்தன. ஷிம். சக்கரம் எவ்வளவு சாய்ந்து நிற்கவேண்டும் என்பதை இந்தத் தகடுகள்தான் முடிவு செய்கின்றன. எந்தப் பக்கம், எந்த பிராக்கெட், எத்தனை தகடு என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். பி.காம். படிப்பு முதன்முதலாக ஓர் உபயோகமான காரியத்துக்குப் பயன்பட்டது.

பழைய புஷ் வர மறுத்தது. டிரில்லால் ரப்பரைக் குடைந்து எடுத்தோம். புதியதை வைஸில் வைத்து ஒரு பக்கம் சின்ன சாக்கெட், மறுபக்கம் பெரிய சாக்கெட் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருக, வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. நான் உதவியாக கிரீஸ் டப்பாவை நீட்டினேன். கையில் ஒரு தட்டு! "ரப்பருக்கு கிரீஸ் ஆகாது, ஊதிப் போயிடும். சோப்புத் தண்ணி போடு. காய்ஞ்சா தானா பிடிச்சுக்கும்."

எட்டில் ஆறு முடிந்தது. இடது சக்கரத்துக்கு வந்தபோதுதான் மேஸ்திரி பேச்சை நிறுத்தினார்.

ஹெரால்டில் சக்கரத்தைத் தாங்கி ஒரு லிங்க் நிற்கிறது. அதன் அடிநுனியில் மரை. அந்த மரை ஒரு வெண்கலக் குமிழுக்குள் திருகி நிற்கும். அதற்குப் பெயர் டிரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரைக்குள் லிங்க் திரும்பும். அதற்குள் கியர் ஆயில் போடவேண்டும், தொண்ணூறு நம்பர். கிரீஸ் போடக் கூடாது. பல வருஷங்களுக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் கிரீஸை அடித்து வைத்திருக்கிறார். அது காய்ந்து கல்லாகி, உள்ளே தண்ணீர் இறங்கி, மரை பூராவும் துரு. மேஸ்திரி துணியால் துடைத்து, வெளிச்சத்தில் காட்டினார். இரும்பைச் சுற்றி மயிரிழையாக ஒரு கோடு.

"விரிசல்" என்றார். "இது உடைஞ்சா சக்கரம் அப்படியே மடங்கிக்கும். ஸ்டியரிங் உன் கையில இருக்கும், சக்கரம் இருக்காது."

வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் சைக்கிள் டியூபை நினைத்துக்கொண்டேன். சத்தத்தை அமுக்கி, துடைத்து, மாலை போட்டுக் கொடுத்திருப்பேன். ஏதோ ஒரு முகூர்த்த நாளில், யாரோ ஒரு பெண்ணும் பிள்ளையும் பின்சீட்டில்... தை மாதத்திலும் எனக்கு வியர்த்தது. முந்தின வாரம் வரை என் மகன் ஏறி நின்றுகொண்டு வந்த வண்டி அது.

புதுப்பேட்டைக்கு ஓடவில்லை. மேஸ்திரியின் பரண்மேல் ஒரு சாக்கு மூட்டையில் நல்ல லிங்க்கும் டிரன்னியனும் ஜோடியாக இருந்தன. சிவப்புச் சாயம் தடவி விரிசல் பார்க்கிற இடத்தில் கொடுத்து வாங்கி, அடுத்த ஞாயிறு மாட்டினோம். ஆயில் நிரப்பினோம். வலது பக்கத்தையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தோம். அது நல்லபடியாக இருந்தது.

எல்லாம் மாட்டி முடித்ததும் நான் ஸ்பானரை எடுத்து போல்ட்டை முழுபலத்தோடு இறுக்கப் போனேன். மறுபடியும் கையில் தட்டு.

"இப்ப முறுக்காதே ஸார். சக்கரம் அந்தரத்துல தொங்குது பாரு. இந்த நிலையில இறுக்கினா ரப்பர் இதுதான் தன் நிலைன்னு நினைச்சுக்கும். வண்டியைக் கீழ இறக்கினா நாள் பூரா முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழிஞ்சுடும். கையால திருகி விடு. வண்டியை இறக்கு. நாலு சக்கரமும் தரையில நின்னு, மேல பாரம் வரட்டும். அப்ப முறுக்கு."

இறக்கினோம். முன்னால் பின்னால் இரண்டு முறை தள்ளி, பானெட்டை நாலு அமுக்கு அமுக்கினோம். பிறகு மேஸ்திரி, "பெரியவரே, ஏறி உட்காருங்க" என்றார். அப்பா மெதுவாக எழுந்து வந்து டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பாரத்தோடு ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினோம்.

உங்கள் வீட்டுக் கார் போன வருஷம் வாங்கியதாக இருக்கலாம். அதற்கும் லோயர் ஆர்ம் புஷ் உண்டு. ரப்பர் புஷ்ஷுக்கு இந்த விதி மாறவில்லை. 'டொக்' கேட்டால் மியூசிக் சத்தத்தைக் கூட்டாதீர்கள். புஷ் மாற்றும்போது பக்கத்தில் நின்று, "தரையில இறக்கிட்டுத்தானே முறுக்கறீங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். மெக்கானிக் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை. கடைசியில் வீல் அலைன்மென்ட் பார்க்க மறக்காதீர்கள்.

அன்று சாயங்காலம் அப்பாவை முன்சீட்டில் வைத்து ஜி.எஸ்.டி. ரோடில் வண்டலூர் வரை போனேன். பெருங்களத்தூர் வந்ததும் அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு இடது வலது பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஹெரால்டுக்கு இருபத்தைந்து அடி அகலம் போதும், ஒரே வெட்டில் திரும்பிவிடும். வண்டலூரில் ஒரே வெட்டில் திருப்பினேன். அப்போது மட்டும் "ம்" என்றார்.

எங்கள் தெருமுனை. சுயம்பு ஸ்பீட் பிரேக்கர். ஏறினேன், இறங்கினேன். நிசப்தம். அப்பா கண்ணை மூடியிருந்தார். ஆனால் உதடு சிரித்தது.

ராத்திரி அந்த கல்யாண கார்க்காரருக்கு போன் பண்ணி, வண்டி விற்பதற்கில்லை என்று சொன்னேன்.

"ஏன் ஸார், அந்தச் சத்தம் சரியாகலையா?"

"சரியாயிடுச்சு ஸார். அதனாலதான்."