அரை மணிக்கு 275

யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வின் இறுதிப் பட்டியல் 2,025 மதிப்பெண்ணுக்குப் போடப்படுகிறது. எழுத்துத் தேர்வுக்கு 1,750. ஆளைப் பார்த்துப் பேசும் நேர்முகத்துக்கு 275, அதாவது 13.6 சதவீதம். படிப்பாளிக்குத்தான் காலம் என்று தோன்றும். நிமிடத்தால் வகுத்துப் பார்த்தால் கணக்கு வேறு.

தரவரிசையில் சேரும் தாள்கள் 7. தாளுக்கு 3 மணி நேரம், 250 மதிப்பெண். ஆக 1,260 நிமிடம்; நிமிடத்துக்கு 1.4 கூடத் தேறாது. நேர்முகம் ஏறக்குறைய அரை மணி. நிமிடத்துக்கு 9-க்கு மேல் வருகிறது. ஆறரை மடங்கு!

நேர்முகத்துக்கு அழைக்கப்படுவோர் காலியிடங்களைப் போல் சுமார் 2 மடங்கு. வந்து உட்காரும் எல்லோருமே நன்றாகப் படித்தவர்கள். இருவரில் ஒருவருக்கு இடமில்லை. நேர்முகத்தில் ஒருவருக்கு 150, அடுத்தவருக்கு 200 என்று வைத்துக்கொள்வோம். அந்த 50-ஐ ஈடுகட்ட 7 தாளிலும் தலா 7-க்கு மேல் கூடுதலாக வாங்கியிருக்க வேண்டும். ஒரு தாளில் 7 மதிப்பெண் ஏற்றுவது என்ன பாடு என்று விடிய விடியப் படித்தவர்களைக் கேட்டால் தெரியும்.

நேர்முகம் அவ்வளவு முக்கியமென்றால் 275-ஐ 700 ஆக்கலாமே? அங்கேதான் வில்லங்கம். ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் எழுத்துக்கு 100, நேர்முகத்துக்கு 50 வைத்திருந்தார்கள். பேசியதோ 2, 3 நிமிடம் என்றார்கள் வழக்குப் போட்ட மாணவர்கள். நிமிடத்துக்கு 17 முதல் 25! அந்த அஜய் ஹாசியா வழக்கில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 1985-ல் அசோக் குமார் யாதவ் வழக்கில் ஹரியானா அரசுப் பணித் தேர்வு நேர்முகத்தின் 22.2 சதவீதமும் அதிகம் என்று சொல்லி, பொதுப் பிரிவினருக்கு 12.2-ஐ எல்லையாக வைத்தது. அது அன்றைய யுபிஎஸ்சி விகிதம்: 2,050-க்கு 250. நேர்முகத்தில் தெரியும் மனிதரோடு பழகும் திறனுக்குச் சுமார் எட்டில் ஒரு பங்குதான் தரலாம் என்பது அன்றைய கணக்கு. கூட்டினால் சிபாரிசு புகுந்துவிடும்.

2013-ல் யுபிஎஸ்சி எழுத்துத் தேர்வில் அறநெறித் தாள் வந்தது. அது 250. உணர்வு நுண்ணறிவு அதன் பாடத்திட்டத்திலேயே உண்டு. நேர்முகத்தோடு கூட்டினால் 525, மொத்தத்தில் கால் பங்குக்கு மேல். ஆனால் காகிதத்தில் பொறுமையாக இருப்பது யாருக்கும் எளிது.

2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கு நேர்முகமே இல்லை. சிபாரிசை ஒழிக்கத்தான், நியாயம். நாள் முழுக்க ஜனங்களுக்குப் பதில் சொல்கிறவர்கள் அஞ்சலகக் கவுண்டரிலும் ரயில் டிக்கெட் கவுண்டரிலும் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களும் குரூப் சி; அவர்களுக்கு நேர்முகத்துக்கு 0.