மல்லிகை நாற்று வாங்குமுன் தாய்ச்செடியைப் பாருங்கள்

குண்டுமல்லியை ஒரு முறை நட்டுவிட்டால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வரை நிலத்தில் நின்று பலன் கொடுக்கும். உரம் இடுவதில் இந்த வருடம் குறை இருந்தால் அடுத்த கவாத்தின்போது சரி செய்து கொள்ளலாம். தண்ணீர் தப்பிப் போனால் ஓரிரு பறிப்போடு நட்டம் நின்றுவிடும். நாற்று வாங்கியதில் தவறு நேர்ந்தாலோ, செடி நிலத்தில் உள்ளவரை அந்தத் தவறும் கூடவே இருக்கும். நட்ட ஆறு மாதத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கத் தொடங்கினாலும், முழு மகசூல் மூன்றாம் ஆண்டில்தான் கிடைக்கிறது. வாங்கிய நாற்று சரியில்லை என்று தெரியும்போது இரண்டு வருட உழைப்பு மண்ணுக்குள் போயிருக்கும். இருபது சென்ட் நிலத்தில் பூ பறித்து அன்றாடச் செலவைப் பார்க்கும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பல்ல.

மல்லிகை நாற்று வாங்குவது நெல் விதை வாங்குவது போன்றதல்ல. குண்டுமல்லியில் பொதுவாக விதை பிடிப்பதில்லை. ஆகவே குச்சியை வெட்டி நட்டோ, பதியன் போட்டோதான் இனப்பெருக்கம் செய்யப்படுகிறது. ஒவ்வொரு நாற்றும் ஏதோ ஒரு தாய்ச்செடியின் கிளையே. தாய்ச்செடி நிறையப் பூத்தால் நாற்றும் பூக்கும்; தாய்ச்செடி மலடு தட்டியிருந்தால் நாற்றும் அப்படியே. நோயும் கூடவே வரும். நாற்றின் உயரத்தையும் இலையின் பசுமையையும் பார்த்து விலை பேசுகிறவர்கள், பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

சான்றுபெற்ற நெல் விதைப் பையில் நீல நிற அட்டை இருக்கும். மல்லிகை நாற்றுக் கட்டில் அப்படி எதுவும் இருக்காது. 1966-ம் ஆண்டு விதைச் சட்டம் குச்சி, கிழங்கு, ஒட்டுக்கன்று ஆகியவற்றையும் விதை என்றே கொள்கிறது. ஆனால் உணவுப் பயிருக்கும் தீவனப் பயிருக்கும் உரியவற்றை மட்டுமே அவ்வாறு கொள்கிறது. பூச்செடிக் குச்சியை அந்த வரையறை தொடவில்லை. தேசியத் தோட்டக்கலை வாரியம் நாற்றுப் பண்ணைகளுக்கு வழங்கும் நட்சத்திரத் தகுதியும் பெரும்பாலும் பழமரக் கன்றுகளைப் பற்றியதே. ஆகவே மல்லிகையைப் பொறுத்தவரை வாங்குகிறவரின் கண்தான் சான்றட்டை.

தங்கச்சிமடத்து நாற்று

தமிழகத்தில் குண்டுமல்லி நாற்று என்றதும் நினைவுக்கு வருவது ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடம். கடலோர மணற்பாங்கான நிலத்தில் குச்சிகளை நெருக்கமாக நட்டு, தண்ணீர் தெளித்து, வேர்விட்ட பின் பிடுங்கிக் கட்டுக் கட்டாக வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். மணலில் வேர் ஓடுவதும் எளிது, வேர் அறாமல் பிடுங்குவதும் எளிது. அங்கிருந்து பரவிய ராமநாதபுரம் குண்டுமல்லிதான் தமிழகத் தோட்டங்களில் பெரும்பாலும் இருக்கிறது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் நாற்றளவில் இந்த வகையைச் சேர்ந்ததே. குறியீடு பூவுக்கும் அது விளையும் வட்டாரத்துக்கும் உரியது, நாற்றுக்கு அல்ல. 'அசல் மதுரை மல்லி நாற்று' என்று கூடுதல் விலை சொன்னால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

தங்கச்சிமடம் என்ற பெயர் ஒன்றே போதும் என்று இருந்துவிடவும் கூடாது. அங்கிருந்து வந்ததாகச் சொல்லி வண்டியில் ஊர் ஊராக விற்கப்படும் நாற்று எங்கே வளர்ந்தது என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். மேலும், வேர் ஓடுவதற்கு ஏற்ற மணல் நிலம் வேர்முடிச்சு நூற்புழுவுக்கும் ஏற்றதுதான். ஒரே மேட்டுப் பாத்தியில் வருடக்கணக்காக நாற்று விட்டு வருகிற பண்ணையில் இந்த ஆபத்து அதிகம்.

சித்திரையில் பார்த்து, ஆடியில் வாங்குவது

மல்லிகை நடவுக்கு ஜூன் முதல் நவம்பர் வரை ஏற்ற காலம். பெரும்பாலான விவசாயிகள் குழி எடுத்து எரு போட்டு முடித்த பிறகு, மழையைப் பார்த்துக்கொண்டு நாற்றுத் தேடிப் புறப்படுகிறார்கள். அந்த அவசரத்தில் கிடைத்ததை வாங்க நேர்கிறது. குண்டுமல்லி நன்றாகப் பூப்பது சித்திரை, வைகாசியில். அப்போதே பண்ணைக்கு நேரில் சென்று, குச்சி எடுக்கும் தாய்ச்செடிகளைக் காட்டச் சொல்லிப் பார்ப்பது நல்லது. பார்த்துப் பிடித்த பண்ணையில் ஆடி, ஆவணிக்குத் தேவையான நாற்றைச் சொல்லி வைக்கலாம்.

பூக்கும் காலத்தில்தான் பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. முல்லை, பிச்சி, குண்டுமல்லி மூன்றையும் இலையை வைத்தே பிரித்துவிடலாம். பிச்சிக்கு ஒரே காம்பில் பல சிற்றிலைகள். முல்லை இலையின் அடியில் காது போல இரண்டு சின்ன இலைகள் ஒட்டியிருக்கும். குண்டுமல்லிக்குத் தனி இலை. ஆனால் குண்டுமல்லியின் உறவு வகைகளான ஊசிமல்லி, கஸ்தூரிமல்லி, இருவாட்சி ஆகியவற்றுக்கும் தனி இலைதான். நாற்றுப் பருவத்தில் இவற்றைப் பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம். மொட்டைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். சந்தையில் குண்டு மொட்டுக்குத்தான் விலை என்றிருக்க, தோட்டத்தில் பத்தில் இரண்டு செடி வேறு வகையாக இருந்தால் கூடையில் கலந்து மொத்தப் பூவின் விலையும் இறங்கும்.

தாய்ச்செடியில் வேறு சிலவற்றையும் கவனிக்க வேண்டும். இலையின் மேலும் இளங்கொம்பிலும் வெள்ளைக் கம்பளி ஒட்டியது போல் தெரிந்தால் அது ஒரு வகைச் சிலந்திப் பேன் செய்த வேலை. குச்சியோடு அது புதிய தோட்டத்துக்கு வந்துவிடும். முல்லையில் பூ இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிறத்தில் இலை போலக் கொத்தாக வந்திருந்தால், அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு குச்சி கூட வாங்கக் கூடாது. அப்படிப் பச்சையாக மாறும் செடியில் பூ எதிர்பார்க்க முடியாது. பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

தாய்ச்செடி எங்கே என்று கேட்டால் நாற்றுப் பாத்தியையே திரும்பத் திரும்பக் காட்டுகிற பண்ணையை விட்டுவிடலாம். தாய்ச்செடி பக்கத்து ஊர் விவசாயியின் தோட்டத்தில் இருப்பதாகச் சொன்னால் அதில் தவறில்லை. அந்தத் தோட்டத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

வேரைப் பாருங்கள்

நாற்று வாங்கும் நாளன்று கட்டின் மேலே இருப்பதை விட்டு, நடுவிலிருந்து ஏழெட்டு நாற்றுகளை உருவி, வேரைத் தண்ணீரில் அலசிப் பார்க்க வேண்டும். பாலிதீன் பையில் உள்ள நாற்றானால் இரண்டு பைகளைக் கிழித்துப் பார்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் அந்த இரண்டுக்கும் காசு கொடுத்துக் கிழித்துப் பார்ப்பது மேல். ஏக்கர் கணக்கில் கெடுவதை விட இரண்டு நாற்றின் விலை பெரிதல்ல.

நல்ல வேர் வெளிர் நிறத்தில், நிறையக் கிளைத்து இருக்கும். வேரில் மணி மணியாக வீக்கம் இருந்தால் அது நூற்புழு. கடலைச் செடி வேரில் முடிச்சுகளைப் பார்த்துப் பழகிய விவசாயிகள் இதையும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. கடலை வேரின் முடிச்சு பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது. சுரண்டினால் வேர்தான் பிய்யும். இந்த நாற்றை நட்டால் சில மாதங்களில் இலை மஞ்சளாகும், செடி குன்றும். உரக் குறை என்று நினைத்து யூரியாவை அள்ளிப் போட்டாலும் தேறாது. வேப்பம் புண்ணாக்கு இடுவதாலும், ஊடே துலுக்கச் சாமந்தி நடுவதாலும் நூற்புழுவைக் குறைக்கலாம். மண்ணிலிருந்து முழுவதும் விரட்ட முடியாது. அடுத்து அதே நிலத்தில் தக்காளியோ கத்தரியோ வைத்தாலும் அவற்றையும் பிடிக்கும்.

தண்டும் வேரும் சேரும் இடத்தில் வெள்ளை நூல் படர்ந்து கடுகு போன்ற உருண்டைகள் இருந்தால் அது வேரழுகல் பூசணம். ஒரு கட்டில் ஒரு நாற்றில் இது தென்பட்டாலும் அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்க வேண்டும்.

வேறு எங்கே வாங்கலாம்?

தோட்டக்கலைத் துறையின் அரசுப் பண்ணைகளிலும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மலரியல் பிரிவிலும் நாற்று உற்பத்தி உண்டு. கோ.1, கோ.2 முல்லை, கோ.1, கோ.2 பிச்சி போன்ற வெளியிடப்பட்ட ரகங்கள் வேண்டுவோர் அங்கே முதலில் விசாரிப்பதே சரி. ஆனால் கேட்ட நாளில் கேட்ட எண்ணிக்கை கிடைப்பது அரிது. முன்கூட்டியே வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

அவசரம் இல்லாதவர்கள் தாங்களே நாற்று விடுவது இன்னும் நல்லது. உள்ளூரில் நன்றாகப் பூக்கும் தோட்டம் ஒன்றைப் பூக்காலத்தில் அடையாளம் வைத்துக்கொண்டு, அந்த விவசாயியின் சம்மதத்துடன், மழைக்காலத்தில் அதிக முற்றலும் அதிக இளசும் இல்லாத கொம்புகளை எடுக்கலாம். ஒரு சாண் நீளத்தில் மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி வெட்டி, நிழலில் அமைத்த மணல் பாத்தியில் நட வேண்டும். பாத்தி அமைக்கும் இடத்தில் முன்பு தக்காளி, கத்தரி, வெண்டை இருந்திருக்கக் கூடாது. மண் காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால் மூன்று நான்கு மாதங்களில் நடவுக்கு ஆகும். நடுவதில் ஒரு பங்கு பட்டுப் போகும் என்பதால் தேவைக்கு மேல் நட்டுக்கொள்ள வேண்டும்.

வெளியூரிலிருந்து கொண்டுவரும் நாற்றை ஈரச் சாக்கில் சுற்றி, மாலையில் ஏற்றி, இரவில் கொண்டுவந்து மறுநாளே நட்டுவிடுவது உத்தமம். வழியில் இரண்டு நாள் கிடந்த நாற்றில் இலை பச்சையாகவே இருந்தாலும் வேர் காய்ந்திருக்கும். புதிய பண்ணையில் முதல் தடவை வாங்குகிறவர்கள் மொத்தத்தையும் அங்கேயே வாங்காமல், இருநூறு நாற்று மட்டும் வாங்கித் தோட்டத்தின் ஓர் ஓரத்தில் நட்டு ஒரு வருடம் பார்ப்பது நன்று. தண்ணீர் அந்த ஓரத்திலிருந்து மற்றச் செடிகளுக்கு வடியாத இடமாக இருக்க வேண்டும். நூற்புழு பாசன நீரோடு பரவும்.

செடிக்குச் செடியும் வரிசைக்கு வரிசையும் ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 2,600 நாற்று பிடிக்கும். இருபது சென்ட்டுக்கு 520. பத்து சதவீதம் கூடுதலாக வாங்கி, மீதியைப் பாத்தியில் நெருக்கமாக நட்டு வைத்தால், முதல் மாதத்தில் பட்டுப்போன குழிகளை அதே வகை நாற்றால் நிரப்பலாம். பட்டியலில் வகை, எண்ணிக்கை, தேதி, பண்ணையின் பெயர் நான்கும் இருக்கும்படி எழுதி வாங்கி, முதல் பூ பார்க்கும் வரையாவது பத்திரப்படுத்த வேண்டும்.