மைஷோஸ் ஊரின் பொது நிலவறை

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையைச் சுவைத்திராதவர் நம் அங்கத்தினருள் ஒருவரும் இரார். 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அக்கனியின் வகைக்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். ஹாம்பர்க் என்பது ஜெர்மனி தேசத்தின் துறைமுக நகரம். திராட்சைக்கு அந்நாட்டோடு உள்ளது பெயரளவு உறவுதான். நமக்கோ அதனினும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. நாம் பங்குத்தொகை செலுத்தி, பேரேட்டில் பெயர் பதிந்து, ஆண்டுதோறும் பொதுப்பேரவையில் கூடுகிறோமே, அந்தக் கிராமச் சங்கத்தின் வித்து ஜெர்மனியின் ரைன் நதிப் பிரதேசத்திலிருந்து வந்ததாகும். அப்பிரதேசத்தில் திராட்சை பயிரிடும் சிற்றூர் ஒன்றுக்கு வாசகர்களை இக்கட்டுரை வாயிலாக அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

வித்து வந்த வழி

1892ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசாங்கம் பிரெடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை ஒரு பணிக்கு நியமித்தது. ஐரோப்பாவில் உழவர்களுக்குக் கடன் வழங்கும் பாங்குகள் எவ்வாறு நடைபெறுகின்றன, அவற்றை நம் மாகாணத்தில் அமைக்க வழி உண்டா என்று ஆராய்வதே அப்பணி. அவர் நம் பக்கத்து நிலவரத்தை நன்கு அறிந்தவர். கோயமுத்தூர் ஜில்லாவின் விவரத் தொகுப்பை 1887இல் எழுதியவர். நம் தொப்பம்பட்டிக்கு வடக்கே உள்ள தாராபுரம் அந்நாளில் அந்த ஜில்லாவைச் சேர்ந்தது. உழவன் கடனில் பிறந்து கடனில் மடியும் கதையை அவருக்கு வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய அறிக்கை 1895இலும் 1897இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. அதன் சாரம், ரெய்பைசன் போன்ற ஒருவரை நம் நாட்டிலும் தேடிக் காணவேண்டும் என்பதாகும். ரெய்பைசன் என்பவர் யார்? 1818இல் பிறந்து, ரைன் பிரதேசத்துக் கிராமங்களில் ஊர்த்தலைவராகப் பணியாற்றியவர். 1846-47ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்கு மாவு கிடைக்கவும், பொதுச் சூளையில் ரொட்டி சுடவும் ஏற்பாடு செய்தார். மாட்டு வியாபாரிகளிடம் கடன்பட்டு மாட்டையும் இழந்து நின்ற குடியானவர்களுக்காக 1849இல் ஓர் உதவிச் சங்கம் கண்டார். 1864இல் ஹெடெஸ்டார்ப் என்னும் ஊரில் கடன் சங்கம் நிறுவினார். செல்வர் ஏழைக்கு இரங்கிக் கொடுப்பது நீடிக்காது, ஏழைகள் தம்முள் ஒருவருக்கொருவர் உத்தரவாதம் ஏற்பதே நீடிக்கும் என்பது அவர் பட்டறிந்த உண்மை.

நம் நாட்டில் 1904இல் இயற்றப்பட்ட கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இம்முறையையே தழுவியது. அச்சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடம் கொடுத்தது. விளைபொருளை விற்பதற்கும், நெசவாளர் நூல் வாங்கித் துணி விற்பதற்கும் சங்கம் அமைக்க 1912ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. நெசவாளர்களின் தலைமைச் சங்கமான கோ-ஆப்டெக்ஸ் 1935இல் தோன்றியது.

ஊரின் தோற்றம்

ஹெடெஸ்டார்ப் ரைன் நதியின் வலக்கரையில் உள்ளது. நதியின் மறுகரையில், மேற்கே மலைகளிலிருந்து ஆர் என்னும் சிற்றாறு இறங்கி வந்து ரைனில் கலக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 85 கிலோமீட்டர். அந்த ஆற்றின் வழியே மலைக்குள் சென்றால் வருவது மைஷோஸ். ஹெடெஸ்டார்ப்பிலிருந்து மாட்டுவண்டியில் ஒரு நாட்பயணம் என்று சொல்லத்தக்க தொலைவுதான்.

ஊர் மிகச் சிறியது. நம் பக்கத்துக் குக்கிராமம் ஒன்றின் அளவே இருக்கும். ஆறு இங்கே பாம்புபோல் வளைகிறது. மேலே பாறையின் உச்சியில் சாபன்பர்க் என்னும் பாழடைந்த கோட்டை நிற்கிறது. ஊரிலுள்ள தேவாலயத்தில் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கறுப்புச் சலவைக்கல் சமாதி ஒன்றைப் பயணிகள் தவறாமல் காண்கின்றனர். இருபுறத்துச் சரிவுகளிலும் படிப்படியாகக் கல்லடுக்கி, அப்படிகளில் திராட்சைக் கொடிகளை நட்டிருக்கிறார்கள். சுண்ணாம்பு சேர்க்காமல் கல்மேல் கல் வைத்துக் கட்டிய சுவர்கள் அவை. சிறுமலையில் மலைத்தோட்டம் வைத்திருப்போர் அவ்வேலையின் அருமையை உணர்வர். ஏரோ இயந்திரமோ ஏற முடியாத இடங்களில் இன்றும் கைவேலைதான்.

அவ்வளவு வடக்கே, குளிர் மிகுந்த நாட்டில், திராட்சை எங்ஙனம் பழுக்கிறது என்று கேட்கலாம். அச்சரிவுகளின் மண் கருமையான பலகைக்கல் மண். பகலில் வெயிலின் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் சிறிது சிறிதாக விடுகிறது. பினோ நுவார் என்று உலகம் அழைக்கும் கருந்திராட்சையே அங்கு முதன்மைப் பயிர். கம்பத்தில் ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட போகம் காண்கிறோம். அங்கோ ஒரே அறுவடை; இலையுதிர் காலத்தில் சில வாரங்கள் மட்டுமே. அந்தச் சில வாரங்களில் ஆண்டு முழுவதற்குமான வரவு நிச்சயமாகிவிடும்.

கனிரசத்தை மதுவாக்கி விற்பது அந்நாட்டு வழக்கம். அதனை நாம் பின்பற்ற வேண்டுமென்பது இக்கட்டுரையின் கருத்தன்று. சரக்கை விட்டு, அதை விற்கும் சங்கத்தை மட்டும் நோக்குவோம்.

18 பேர் கூடிய கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆர் பள்ளத்தாக்கின் குடியானவர்கள் வறுமையில் உழன்றனர். பருவம் பொய்த்த ஆண்டுகள் பல. விளைந்த ஆண்டில் விலை இல்லை. ஊரை விட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறியோர் பலர்.

விலை ஏன் இல்லை? பறித்த திராட்சை காத்திருக்காது. பிழிந்த சாறும் காத்திருக்காது. பீப்பாயும் குளிர்ந்த நிலவறையும் இருந்தால்தான் அதனைப் பக்குவப்படுத்தி வைக்கலாம். சிறு குடியானவனிடம் அவை போதுமான அளவில் இல்லை. வாங்க வரும் மொத்த வியாபாரி இதை அறிவான். இன்று விற்றாக வேண்டியவனுக்கும், நாளை வாங்கினாலும் போதும் என்றிருப்பவனுக்கும் இடையே நடக்கும் பேரத்தில் எவன் வெல்வான்? ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளிக் கூடையோடு போனவருக்கும், நூல் கடனுக்காகப் பண்டிகைக்கு முன்பே சேலையைக் கொடுத்துவிட்ட நெசவாளருக்கும் விடை தெரியும்.

1867இல் பிரஷ்ய அரசு கூட்டுறவுச் சங்கங்களுக்கெனச் சட்டம் இயற்றிற்று. மறு ஆண்டே, 1868இல், மைஷோஸ் ஊரின் 18 திராட்சைக் குடியானவர்கள் கூடி ஒரு சங்கம் நிறுவினர். சரக்கைப் பொதுவில் சேர்ப்பது, பொதுவில் பக்குவப்படுத்துவது, பொதுவில் விற்பது என்பதே அவர்கள் ஏற்பாடு. உலகில் இன்றும் நடைபெற்றுவரும் திராட்சை மதுக் கூட்டுறவுகளுள் மிகப் பழையது இதுவே என்று சொல்லப்படுகிறது. பின்னர் அயலூர்க் குடியானவர்களும் இதில் இணைந்தனர். சங்கத்தின் கட்டடத்துக்கு அடியே வளைவு வளைவாகக் கட்டப்பட்ட நிலவறைகளைப் பயணிகள் இறங்கிக் காணலாம்.

நிலவறைக்குப் பின்னே நிற்பது

நிலவறை இருந்தால் போதுமா? சரக்கு ஓராண்டு உள்ளே இருக்குமானால் குடியானவன் அந்த ஓராண்டு எதை உண்பான்? ஆகவே சங்கம் அவனுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். முன்பணத்துக்குச் சங்கம் கடன் வாங்க வேண்டும். ஏழைகளின் சங்கத்துக்கு எவன் கடன் கொடுப்பான்? அக்காலச் சட்டப்படி அங்கத்தினர் ஒவ்வொருவரும் சங்கத்தின் கடன் முழுமைக்கும் தம் சொத்தோடு பொறுப்பாளி. ஜெர்மனியில் 1889ஆம் ஆண்டுச் சட்டமே பொறுப்பை வரையறுத்துக் கொள்ள இடம் தந்தது. அண்டை வீட்டான் ஏமாற்றினால் என் நிலம் போகும் என்ற நிலையில், ஒருவரையொருவர் கவனியாமல் இருப்பார்களா? நம்பிக்கை என்ற சொல்லுக்கு அங்கே நிலத்தின் மதிப்பு இருந்தது.

இதிலிருந்து இரண்டு விதிகள் பிறந்தன. ஜெர்மனியின் திராட்சைக் கூட்டுறவுகளில் பொதுவாக இன்றும் அவை உண்டு.

முதலாவது, அங்கத்தினர் தம் விளைச்சல் முழுவதையும் சங்கத்துக்கே கொண்டுவர வேண்டும். நல்லதை வெளியே விற்று, கழிவைச் சங்கத்தில் கொட்டுதல் ஆகாது.

இரண்டாவது, தரத்துக்குத் தக்க விலை. எடை மட்டும் பார்த்தால் தண்ணீர் பாய்ச்சிக் காயைப் பெருக்கச் செய்தவனே பெரும்பணம் பெறுவான். ஆகவே சாற்றின் இனிப்பையும் அளக்கின்றனர். எக்ஸ்லே என்னும் ஜெர்மானியர் 19ஆம் நூற்றாண்டில் பரவச்செய்த அளவை மிக எளியது. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 1,000 கிராம். ஒரு லிட்டர் சாறு 1,080 கிராம் இருந்தால் அது 80 டிகிரி. 1,090 இருந்தால் 90 டிகிரி. சர்க்கரை கூடக்கூடச் சாறு கனக்கும். கருவி காட்டும் எண்ணை அங்கத்தினர் தம் கண்ணாலேயே பார்க்கிறார். தலைவருடைய மைத்துனன் சரக்கு என்பதற்காகக் கருவி ஒரு டிகிரி கூட்டிக் காட்டாது.

ஆய்வுக்காகச் சங்கங்களுக்குச் செல்லும் ஊர்களில் நான் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்றுண்டு: “இந்த வருஷம் வியாபாரி இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தான், அதனால் அவனுக்குப் போட்டுவிட்டேன்.” அந்த இரண்டு ரூபாயின் விலை என்ன? கணக்காகவே காண்போம். சங்கத்தின் கிடங்கு வாடகையும் பணியாளர் சம்பளமும் ஒரு பருவத்துக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 மூட்டை வந்தால் மூட்டைக்கு 20 ரூபாய் செலவு. 60 மூட்டை வெளியே போய், 40 மட்டும் வந்தால், அதே செலவு மூட்டைக்கு 50 ரூபாயாகிறது. மறு பருவத்தில் சங்கத்தின் விலை இன்னும் தாழும், எஞ்சியவரும் வெளியேறுவர். சங்கம் மூடிய மறுநாள், அந்த இரண்டு ரூபாய் கூடுதலும் நின்றுவிடும். போட்டிக்கு ஆள் இருந்தமையால் அன்றோ வியாபாரி கூட்டிக் கொடுத்தான்?

வெள்ளம் வந்த இரவு

மைஷோஸ் சங்கம் ஐரோப்பாவின் இரு பெரும் போர்களையும் கடந்தது. அதன் கடுஞ்சோதனை 2021ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் இரவில் வந்தது. 1804இலும் 1910இலும் ஆர் நதி பெருக்கெடுத்து உயிர்களைக் கொண்டதுண்டு. எனினும் இம்முறை வந்த வெள்ளம் உயிருடனிருப்போர் எவரும் காணாதது. பள்ளத்தாக்கில் 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாலங்களும் ரயில் பாதையும் அடித்துச் செல்லப்பட்டன. மைஷோஸ் வெளியுலகத் தொடர்பின்றித் துண்டிக்கப்பட்டது. சங்கத்தின் கட்டடத்திலும் நிலவறையிலும் சேறும் நீரும் புகுந்தன. கொடிகள் பெரும்பாலும் மலைச்சரிவில் இருந்தமையால் பிழைத்தன. ஆனால் அறுவடைக்கு இரண்டு மாதமே இருந்தது.

அப்பொழுது நடந்தது நாம் கருத்தில் கொள்ளத்தக்கது. ஜெர்மனியின் பிற திராட்சைப் பிரதேசங்களிலிருந்து, சந்தையில் இவர்களுக்குப் போட்டியாக இருந்த குடியானவர்கள், தம் கருவிகளோடு வந்தனர். கொடி திருத்தவும், மருந்து தெளிக்கவும், அறுவடை செய்யவும் துணை நின்றனர். பள்ளத்தாக்கில் சேறு படிந்த புட்டிகளைக் கழுவாமல் அப்படியே நிவாரணத்துக்காக விற்றனர்; அவ்வகையில் 40 லட்சம் யூரோவுக்கு மேல் சேர்ந்தது. அந்த ஆண்டும் திராட்சை பறிக்கப்பட்டது. தனித்தனி வீடாக நின்றிருந்தால் அந்த ஊரில் எத்தனை பேர் மீண்டும் கொடி நட்டிருப்பர் என்பது ஐயமே.

நாம் செய்யக்கூடியது

2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் கூட்டுறவு என்னும் கருத்தையும் நடைமுறையையும் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. பதிவுக்கு விண்ணப்பித்த நாடு ஜெர்மனி. இப்பெருமையில் நிக்கல்சன் வாயிலாக நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் பெருமை கிடங்கை நிரப்பாது.

அடுத்த பொதுப்பேரவைக்கு வரும் அங்கத்தினர் மூன்று கேள்விகளைக் கையோடு கொண்டு வருவார்களாக. நம் சங்கத்தில் சரக்கை வைத்துக் காக்க இடம் உண்டா? வைத்தவருக்கு அன்றே முன்பணம் கிடைக்கிறதா? துணியாயினும் விளைபொருளாயினும், தரத்தை எல்லோர் கண்முன்னும் அளந்து விலை இடுகிறோமா? இம்மூன்றுக்கும் விடை கூறவேண்டியவர் நிர்வாகக் குழுவினர்.

நான்காவது கேள்வி ஒன்றுண்டு. அதனை அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்: சென்ற பருவத்தில் என் நல்ல சரக்கு எங்கே போயிற்று?